தன்னோடும் கனிவாயிருக்கக் கற்ற புனிதர்

ஆண்டுதோறும் ஜனவரி 24ஆம் நாள் புனித பிரான்சிஸ் சலேசியாரின் திருநாளைத் தாய்த் திருச்சபை கொண்டாடுகிறது. ஆயர், மறைவல்லுநர், எழுத்தாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் பாதுகாவலர் என்றெல்லாம் அவரை நாம் அறிவோம். புனித தொன் போஸ்கோ 1859இல் தாம் தொடங்கிய சபைக்கு இவருடைய பெயரையே சூட்டினார். அச்சபையார் 1906இல் தஞ்சாவூரில் வந்திறங்கிய நாள் முதல் சலேசியார் என்ற பெயர் நம் மக்களுக்கும் பழகிவிட்டது. கனிவின் புனிதர் என்று மறையுரைகளில் அவரைப் புகழ்கிறோம். அவரது படங்களிலும் அமைதி தவழும் முகத்தையே காண்கிறோம்.

ஆனால் இந்தப் புனிதர் பத்தொன்பது வயதில் உண்ண முடியாமலும் உறங்க முடியாமலும், கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணத்திலிருந்து விடுபட முடியாமலும் ஆறு வார காலம் தவித்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் பிறருக்குக் காட்டிய கனிவும், தம்மிடமே கடைப்பிடித்த பொறுமையும் அந்த இருளிலிருந்து மீண்டபோது முளைவிட்டவை. மனம் சோர்ந்து, அதைச் சொல்லவும் நாணி வாழும் நம் சகோதர சகோதரிகளை மனத்தில் கொண்டு, அவரது வாழ்வை இன்று சற்றே நிதானமாகத் திரும்பிப் பார்ப்போம்.

பாரிசில் ஒரு குளிர்காலம்

பிரான்சிஸ் 1567 ஆகஸ்டு 21 அன்று, ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள சவோய் நாட்டில், தொரான்ஸ் என்னும் ஊரில் உயர்குடி ஒன்றின் தலைமகனாகப் பிறந்தார். மகன் சட்டம் படித்துப் பெரும் பதவியில் அமர வேண்டும் என்பது தந்தையின் கனவு. ஆகவே பாரிஸ் நகரில் இயேசு சபையார் நடத்திய கிளேர்மோன் கல்லூரிக்கு அனுப்பினார். மகனோ படிப்பில் சிறந்து விளங்கியதோடு, இறையியலிலும் உள்ளத்தைப் பறிகொடுத்தார்.

அக்காலத்தில் பாரிசின் இறையியல் வகுப்புகளில் முன்குறித்தல் பற்றிய வாதம் சூடுபிடித்திருந்தது. யார் மீட்படைவார், யார் அழிவார் என்பதைக் கடவுள் முன்னரே தீர்மானித்துவிட்டாரா? கால்வினைப் பின்பற்றியோர் ஒருவிதமாகவும், கத்தோலிக்க அறிஞர்கள் தங்களுக்குள்ளேயே பலவிதமாகவும் இதற்கு விடை கூறினர். மற்ற மாணவர்களுக்கு இது வகுப்பறையோடு முடிந்துபோன வாதம். பிரான்சிசுக்கோ அது தம் சொந்த உயிரைப் பற்றிய கேள்வியாயிற்று. அழிவுக்கென்று குறிக்கப்பட்டவர்களுள் தானும் ஒருவனாக இருந்தால் என்ன செய்வது? இத்தனை அன்பு செய்த கடவுளை என்றென்றும் அன்பு செய்ய முடியாமற்போனால்?

1586 டிசம்பரில் இந்த எண்ணம் அவரைப் பற்றியது. செபித்தும் விலகவில்லை, படித்தும் தீரவில்லை. உணவு இறங்கவில்லை, உறக்கம் வரவில்லை. உடல் மெலிந்து, நிறம் மஞ்சளித்தது. உடன் தங்கியிருந்த ஆசிரியரான அருள்பணி தெயாஜ் தம் மாணவர் இவ்வாறு வாடுவதைக் கண்டு கலங்கினார் என்றும், காரணத்தை மட்டும் மாணவரால் சொல்ல முடியவில்லை என்றும் புனிதரின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

இங்கே ஒன்றைக் கவனிப்போம். அந்த இளைஞர் பக்தியில் குறைந்தவர் அல்லர். திவ்விய நற்கருணையை அடிக்கடி உட்கொண்டவர். மரியன்னையின் பக்தர் கூட்டத்தில் பொறுப்பு வகித்தவர். நோன்பும் செபமும் அறிந்தவர். இருந்தும் இருள் அவரைச் சூழ்ந்தது. விசுவாசம் உள்ளவருக்கு மனச்சோர்வு வராது என்று எவரேனும் சொன்னால், அதற்கு மறுமொழியாக இந்த மறைவல்லுநரின் வாழ்வையே நாம் காட்டலாம்.

1587 ஜனவரியில் ஒருநாள் அவர் தமக்கு மிகவும் பழக்கமான புனித ஸ்தேவான் ஆலயத்திற்குள் சென்றார். அங்கே கறுநிறம் கொண்ட மரியன்னையின் சுரூபம் ஒன்று இருந்தது. நல்விடுதலையின் அன்னை என்று அந்நகர மக்கள் அழைத்த அன்னை அவர். அந்தப் பீடத்தின் முன் முழந்தாளிட்ட பிரான்சிஸ், தமது கேள்விக்கு விடை கேட்பதை நிறுத்திவிட்டார். மறுவுலகில் தமக்கு என்ன நேரிடினும், இந்த வாழ்வில் மூச்சுள்ளவரை கடவுளை அன்பு செய்யவாவது தமக்கு வரம் தரும்படி மன்றாடினார். பின்னர் புனித பெர்நார்துவின் பெயரால் வழங்கும் மரியன்னை மன்றாட்டு எழுதப்பட்ட பலகை கண்ணில் பட, அதை எடுத்துச் சொன்னார். நோயின் செதில்கள் உடலிலிருந்து உதிர்ந்து விழுவதுபோல் அந்தப் பாரம் தம்மைவிட்டு அகன்றதை உணர்ந்தார். நாள்தோறும் செபமாலை சொல்வதாக அங்கேயே நேர்ந்துகொண்டார். பிரெஞ்சுப் புரட்சியின்போது அவ்வாலயம் அழிந்தது; ஆனால் அந்தச் சுரூபம் காப்பாற்றப்பட்டு, பாரிசை அடுத்த நெய்யி என்னும் ஊரில் ஒரு சிற்றாலயத்தில் இன்றும் வணங்கப்பட்டு வருகிறது.

மறுபடியும் வந்த சோதனை

இத்தோடு கதை முடிந்தது என்றால் நமக்கு அதில் ஆறுதல் குறைவாகவே இருக்கும். ஒரே நாளில், ஒரே செபத்தில் எல்லாம் தீர்ந்துபோன வரலாறு, ஆண்டுக்கணக்கில் போராடுவோருக்கு எட்டாத கனியாகவே தோன்றும். பிரான்சிசின் வாழ்விலும் அப்படி நடந்துவிடவில்லை.

1588இல் அவர் இத்தாலியின் பதுவைப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சென்றார். தந்தையின் விருப்பப்படி சட்டமும், தம் விருப்பப்படி இறையியலுமாகப் படிப்பு தொடர்ந்தது. புனித அகுஸ்தீனையும் புனித தோமாவையும் ஆழ்ந்து படித்தபோது, முன்குறித்தல் பற்றிய அதே கேள்வி அங்கேயும் எழுந்து நின்றது. ஆனால் இம்முறை அவர் தனியாக இல்லை. இயேசு சபை அருள்பணியாளர் அந்தோனியோ பொசேவினோ அவருக்கு ஆன்ம வழிகாட்டியாக இருந்தார். தமது அச்சத்தையும் கற்றறிந்த வாதங்களையும் இறைவனின் இரக்கத்தின் முன் வைத்து, அவரிடமே தம்மை ஒப்படைக்கும் அர்ப்பண உரை ஒன்றைப் பிரான்சிஸ் எழுதிவைத்தார். கடவுள் எல்லாரையும் மீட்க விரும்புகிறார் என்பதே அவருடைய இறையியலின் அடித்தளமாயிற்று.

பதுவையிலேயே கடும் காய்ச்சல் கண்டு சாவின் விளிம்புவரை சென்றார். தாம் இறந்தால் தம் உடலை மருத்துவ மாணவர்களுக்குக் கொடுத்துவிடும்படி அப்போது கேட்டுக்கொண்டாராம். கற்பதற்குப் பிணங்கள் கிடைக்காமல் மாணவர்கள் கல்லறைகளைத் தோண்டுவதும், அதனால் கைகலப்பு நேர்வதுமாக இருந்த காலம் அது. உயிரோடிருக்கையில் பயன்படவில்லையென்றாலும் செத்த பிறகாவது பயன்படட்டும் என்று அவர் நினைத்தார். ஆனால் கடவுள் அவரைப் பிழைக்க வைத்தார். 1591இல் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். தந்தையின் மனம் மெல்ல இளக, 1593 டிசம்பர் 18 அன்று குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

மறுபடியும் வந்த சோதனையை அவர் தோல்வி என்று எண்ணவில்லை என்பது நமக்கு முக்கியம். மாத்திரை உட்கொண்டு தேறி வந்த ஒருவருக்கு மீண்டும் சோர்வு தலைகாட்டினால், பட்ட பாடெல்லாம் வீணாயிற்று என்று அவரும் குடும்பத்தாரும் கலங்கிப் போகிறார்கள். மீண்டு வருதல் என்பது மலைப்பாதை போன்றது. சில வளைவுகளில் இறங்கியும் ஏற வேண்டியிருக்கும். பழைய இருளே திரும்பி வந்தாலும், நாம் பழைய ஆளாக அதைச் சந்திப்பதில்லை. முதல் முறை வாய்திறக்க முடியாதிருந்த இளைஞர், இரண்டாம் முறை வழிகாட்டி ஒருவரின் துணையோடு அதைக் கடந்தார்.

தம் காயத்தைப் பிறருக்கு மருந்தாக்கியவர்

குருவானதும் அவர் ஷப்லே என்னும் பகுதிக்கு மறைப்பணியாளராகச் சென்றார். 1594 முதல் நான்கு ஆண்டுகள் அங்கே உழைத்தார். கால்வினின் போதனையைத் தழுவியிருந்த அம்மக்களுள் அவரது மறையுரையைக் கேட்க வந்தவர்கள் தொடக்கத்தில் மிகச் சிலரே. பனியும் பகையும் ஒருங்கே வாட்டின. கேட்க வராதவர்களுக்கென்று மறையுண்மைகளைத் தாள்களில் எழுதி வீட்டுக் கதவுகளின் அடியில் நுழைத்தார். எழுத்தாளர்களின் பாதுகாவலராக அவர் போற்றப்படுவதற்கு அத்தாள்களே தொடக்கம். 1602 டிசம்பர் 8 அன்று ஜெனீவாவின் ஆயராக அருள்பொழிவு பெற்றார். ஜெனீவா நகருக்குள் கத்தோலிக்க ஆயர் வாழ இயலாத நிலை இருந்ததால் அன்னெசி நகரில் தங்கிப் பணியாற்றினார்.

1604 தவக்காலத்தில் திஜோன் நகரில் மறையுரை ஆற்றச் சென்றபோது, ஜேன் பிரான்செஸ் ஷந்தால் என்னும் இளம் கைம்பெண்ணைச் சந்தித்தார். 1601இல் அவருடைய கணவர் வேட்டைக்குச் சென்ற இடத்தில் உறவினர் ஒருவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து மாண்டுபோனார். நான்கு சிறு குழந்தைகளோடு நின்ற அந்தத் தாய்க்குத் துயரம் ஒருபுறம், விசுவாசத்தைப் பற்றிய ஐயங்கள் மறுபுறம். சுட்டவரை மன்னிக்க விரும்பினார். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவும் மனம் ஒப்பவில்லை. அதுவே பாவமோ என்ற உறுத்தல் வேறு.

ஆயர் பிரான்சிஸ் அவரை அவசரப்படுத்தவில்லை. தாமாகத் தேடிப்போய்ச் சந்திக்க வேண்டிய கட்டாயமில்லை என்றும், சந்திப்பு தானாக நேர்ந்தால் உள்ளம் கொதித்தாலும் கண் கலங்கினாலும் கனிவோடு இருக்கும்படியும் எழுதினார். உணர்ச்சி எழுவதைப் பாவமென்று அவர் சொல்லவில்லை. காலம் கனிந்தது. அந்த உறவினரின் குழந்தைக்கு ஞானத்தாயாக நிற்கும் அளவுக்கு ஜேன் அம்மையாரின் மனம் குணமடைந்தது.

அவரைத் தேற்றுவதற்காகப் பிரான்சிஸ் இன்னொன்றும் செய்தார். தாம் மாணவனாகப் பாரிசில் பட்ட அந்தப் பாட்டை அவரிடம் மனம் திறந்து சொன்னார். புனிதரின் மறைவுக்குப் பிறகு, அவரது புனிதர் பட்டத்துக்கான விசாரணையில் ஜேன் அம்மையார் 1627இல் சாட்சியம் அளித்தபோது, கலங்கியிருந்த தம்மைத் திடப்படுத்த ஆயர் அதைச் சொன்னதாக எடுத்துரைத்தார். ஆயர் ஒருவர் தம் இளமைக்கால நடுக்கத்தைத் துயருற்ற ஒரு பெண்ணிடம் மறைக்காமல் சொன்னாரே, எவ்வளவு பெரிய தாழ்ச்சி! அவர் அதை மூடிவைத்திருந்தால், அவரை இருள் அறியாத புனிதர் என்றே நாம் இன்றளவும் எண்ணியிருக்கக்கூடும்.

இவ்விருவரும் சேர்ந்து 1610 ஜூன் 6 அன்று அன்னெசியில் மரியன்னை மினவுதல் சபையைத் தொடங்கினார்கள். கடும் ஒறுத்தல்களைத் தாங்க இயலாமல் மற்ற மடங்களில் இடம் கிடைக்காத உடல்நலம் குன்றியவர்களுக்கும், வயது முதிர்ந்தவர்களுக்கும், கைம்பெண்களுக்கும் அங்கே கதவு திறந்தது. உடலை வருத்துவதைவிட உள்ளத்தின் தாழ்ச்சியையும் கனிவையும் அச்சபையின் ஒழுங்கு முதன்மையாகக் கொண்டது. 1641இல் ஜேன் அம்மையார் இறந்தபோது எண்பதுக்கும் மேற்பட்ட மடங்கள் இருந்தன. அவருடைய உள்ளத்து வறட்சியும் ஐயங்களும் அவரை நெடுங்காலம் விட்டகலவில்லை. அந்தப் போராட்டத்தோடேயே அவர் அத்தனை மடங்களுக்கும் தாயாக இருந்தார். அந்தப் போராட்டத்தோடேயே புனிதரும் ஆனார்.

தன்மீது கனிவு

உலகில் வாழும் இல்லறத்தாரும் புனிதராகலாம் என்பதை விளக்கப் பிரான்சிஸ் எழுதிய பக்தி வாழ்வுக்கு முன்னுரை என்னும் நூல் 1609இல் வெளிவந்தது. தம் உறவினர் ஒருவரின் மனைவிக்கு எழுதிக்கொடுத்த அறிவுரைகளே அந்நூலாக விரிந்தன. அதன் மூன்றாம் பகுதியில், பிறர்மீது காட்ட வேண்டிய கனிவைப் பற்றிச் சொல்லி முடித்த கையோடு, நம்மீது நாமே காட்ட வேண்டிய கனிவுக்கென்று ஓர் அதிகாரத்தைத் தனியாக ஒதுக்கியிருக்கிறார்.

கோபப்பட்டுவிட்டோமே என்று நம்மேலேயே கோபப்படுவதும், சோர்ந்துவிட்டோமே என்று அதற்காகவும் சோர்வதும் குணத்தைத் தருவதில்லை என்கிறார் அவர். அதில் மறைந்திருப்பது தாழ்ச்சி போலத் தோன்றும் ஒருவகைத் தன்னலம். தான் குறையுள்ளவன் என்பதை ஏற்க மறுக்கும் மனம். பிள்ளை தவறு செய்தால், தந்தையின் சினத்தைவிட அவரது அமைதியான கண்டிப்பே அதிகம் பயன் தரும். அவ்வாறே விழுந்த இதயத்தை நாம் அடித்து எழுப்பலாகாது. கைகொடுத்து எழுப்ப வேண்டும். பலவீனம் பலவீனமாக இருப்பதில் வியப்படைய ஒன்றுமில்லை. பாவத்தை வெறுக்க வேண்டும், உறுதியோடு மனம் மாற வேண்டும். ஆனால் பதைபதைப்பு இல்லாமல், இறை இரக்கத்தில் நம்பிக்கை வைத்து எழுந்து நடக்க வேண்டும் என்பது அவர் காட்டும் வழி.

நான்காம் பகுதியில் மனக்கலக்கத்தையும் துயரத்தையும் பற்றி அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் உள்ளன. வலையில் அகப்பட்ட பறவை படபடவென்று சிறகடிக்க அடிக்க மேலும் சிக்கிக்கொள்வதை உவமையாகக் காட்டுகிறார். விடுபட வேண்டும் என்ற ஆசை நல்லதே. அந்தப் பதற்றமே வலையை இறுக்கிவிடுகிறது. இதற்கெல்லாம் சிறந்த மருந்தாக அவர் சொல்வது, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவதே. துயரம் அழுத்தும்போது செபத்தோடு ஆன்மிகப் பாடல்களைப் பாடவும், கைகளுக்கு மாறி மாறி வேலை கொடுக்கவும், நல்லோரின் தோழமையில் இருக்கவும், நற்கருணையை நாடவும் சொல்கிறார். பாரிசில் வாயடைத்து நின்ற மாணவன் அல்லவா இதை எழுதுகிறார்! ஒவ்வொரு வரியும் அவர் பட்டுணர்ந்தது.

அவர் கண்ணீரையும் மறைக்கவில்லை. 1607இல் தம் இளைய தங்கை இறந்தபோதும், 1610இல் தம் தாயின் கண்களைத் தாமே மூடியபோதும் அழுதார். அழுததைக் கடிதங்களில் எழுதவும் செய்தார். இயல்பாக விரைந்து சினம் கொள்ளும் குணம் தமக்கு உண்டு என்பதையும் அவர் அறிந்திருந்தார். கனிவு என்னும் நற்பண்பைப் பல ஆண்டுகள் பழகித்தான் பெற்றார். 1622 டிசம்பர் 28 அன்று லியோன் நகரில், மினவுதல் சபை மடத்தின் தோட்டக்காரருக்கான சிறு வீட்டில், தமது 55ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1665இல் புனிதராகவும், 1877இல் மறைவல்லுநராகவும் உயர்த்தப்பட்டார். அவர் மறைந்த 400ஆம் ஆண்டு நிறைவில், 2022 டிசம்பர் 28 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் பற்றித் திருத்தூது மடல் ஒன்றை வெளியிட்டுச் சிறப்பித்தார்.

நம் பங்குகளில், நம் இல்லங்களில்

அன்பார்ந்தவர்களே, நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவருக்கு இன்றைய மருத்துவத்தின் பெயர்களைச் சூட்ட வேண்டியதில்லை. ஆனால் அவர் பட்டது என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியும். மன்னிப்புப் பெற்ற பாவத்தையே மறுபடி மறுபடி ஒப்புரவு அருளடையாளத்திற்குக் கொண்டு வருவோரைப் பங்குப் பணியாளர்களாகிய நாம் அறிவோம். அவர்களுக்குக் கடவுளின் மன்னிப்பில் குறை ஏதுமில்லை. தங்களைத் தாங்களே மன்னிக்க முடியாததே அவர்களின் நோவு. பேறுகாலத்திற்குப் பின் காரணம் தெரியாமல் அழும் இளம் தாய், தேர்வில் தவறி அறைக்குள் முடங்கிய மாணவன், வேலையிழந்து உறக்கமும் இழந்த குடும்பத் தலைவர் என இவர்கள் ஞாயிறு திருப்பலியில் நம் அருகிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.

இவர்களிடம் நாம் என்ன சொல்கிறோம்? செபம் போதவில்லை என்கிறோம். பேய் பிடித்திருக்குமோ என்று ஊர் ஊராய் அழைத்துச் செல்கிறோம். வெளியே தெரிந்தால் மகளின் திருமணம் தடைபடும் என்று மருத்துவரிடம் காட்டாமல் ஒளித்து வைக்கிறோம். எலியா இறைவாக்கினர் சூரைச்செடியின் அடியில் சாவை வேண்டிப் படுத்திருந்தபோது, வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், அப்பமும் தண்ணீரும் தந்தார், மறுபடியும் உறங்கவிட்டார். பயணம் அதன் பின்னரே தொடங்கியது. கடவுளின் மருத்துவத்தில் உணவும் உறக்கமும் அடங்கியிருக்கின்றன. மனநல மருத்துவரின் மருந்தும் ஆற்றுப்படுத்துநரின் செவியும் அதே கடவுளின் கொடைகளே. செபமாலையை ஏந்தும் கை மாத்திரையையும் ஏந்தலாம். ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

சாக வேண்டும் என்ற எண்ணம் எழுந்தால் அதை எவரிடமேனும் உடனே சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 2022 அக்டோபர் 10 முதல் இயங்கிவரும் டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும், கட்டணமின்றித் தமிழிலும் அழைக்கலாம். தங்கள் அன்புக்குரியவரைத் தற்கொலையில் பறிகொடுத்த குடும்பங்களுக்கும் திருச்சபை ஆறுதல் சொல்கிறது. கடுமையான மனக்கலக்கமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது. ஆகவே அவ்வீடுகளைத் தவிர்த்துச் செல்லாமல், உள்ளே சென்று அமர்வோம்.

நம்மை அன்பு செய்வதுபோல் அயலாரையும் அன்பு செய்ய ஆண்டவர் கட்டளையிட்டார். தன்னை நாள்முழுதும் திட்டித் தீர்ப்பவர் பிறருக்கு எந்த அளவையால் அன்பை அளப்பார்? இன்றிரவு ஆன்மச் சோதனை செய்யும்போது, நம் குறைகளை எண்ணுகிற அதே நேர்மையோடு, அக்குறைகளோடேயே நம்மை அன்பு செய்யும் ஆண்டவரின் பார்வையையும் எண்ணிப் பார்ப்போம். விழுந்த இடத்தில் நம் இதயத்தைக் கைகொடுத்து எழுப்புவோம். நம் வீட்டில் ஒருவர் சில நாள்களாக உண்ணாமல் உறங்காமல் இருந்தால், அறிவுரை தொடங்கும் முன் அருகில் அமர்ந்து கேட்போம். தேவைப்பட்டால் மருத்துவரிடம் உடன் செல்வோம்.

பாரிசின் குளிர்கால இருளில் பிரான்சிசைத் தாங்கிய நல்விடுதலையின் அன்னை, நம் பங்குகளில் சொல்லாமல் அழுவோர் அனைவரையும் தம் திருமகனிடம் சேர்ப்பாராக. சலேசியாரின் பரிந்துரையால் கனிவுள்ள இதயத்தை இறைவன் நமக்குத் தந்து, பிறரிடமும் நம்மிடமும் அதைக் காட்ட நம்மைப் பழக்குவாராக. ஆமென்.